கோர்ட்டு ஏடுகளும் பிரஜைகளும்

நியாயம் பகிரங்கமாக வழங்கப்பட வேண்டும் என்பது நாகரிக தேசங்கள் ஒப்புக்கொண்ட கொள்கை. கிரிமினல் விசாரணை நடைபெறும் இடம் எவரும் வந்து கேட்கத்தக்க திறந்த கோர்ட்டாக இருக்க வேண்டும் என்று நமது சட்டமும் விதித்திருக்கிறது. 2024 ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 366-வது பிரிவு கூறுவது இதுவே. ஆனால் கோர்ட்டின் கதவு திறந்திருக்க, அதன் அலமாரி மட்டும் பூட்டியிருக்குமானால், அது பாதிப் பகிரங்கமே ஆகும். விசாரணையன்று நேரில் போயிருந்தவர்கள் சிலர். ஏனைய ஜனங்களுக்கு நடந்ததைச் சொல்லத்தக்கது ஏடு ஒன்றுதான்.

தேர்தல் சமீபிக்கும் காலங்களில் நமது ஊர்களில் நடப்பதை வாசகர்கள் அறிவார்கள். 'அவன் பேரில் நாலு கேஸ் இருக்கிறது' என்று ஒரு கட்சியார் மேடையில் முழங்குகிறார்கள். 'எல்லாம் பொய்க் கேஸ்' என்று மறு கட்சியார் பதில் முழக்கம் செய்கிறார்கள். கேஸின் நம்பர் யாது, எந்தக் கோர்ட்டு, எந்தப் பிரிவு, முடிவு என்ன என்று கேட்டால் இரு தரப்பாரும் விழிக்கிறார்கள். வதந்தியைக் கொண்டு ஒருவனைக் குற்றவாளியாக்குவதும், வதந்தியைக் கொண்டே ஒருவனை உத்தமனாக்குவதும் பொதுவாழ்வுக்கு இழுக்கு. கோர்ட்டு ஏட்டைத் தேடவும், கேட்டு வாங்கவும், முழுதும் படிக்கவும் ஒவ்வொரு பொதுஜன ஊழியரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அதற்குரிய வழிகளை இங்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் வேண்டுவது நம்பர். போலீஸ் ஸ்டேஷனில் புகார் பதிவாகும்போது முதல் தகவல் அறிக்கைக்கு ஒரு நம்பரும் வருஷமும் ஏற்படுகின்றன. புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அதன் பிரதியை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது மேற்படி சன்ஹிதாவின் 173-வது பிரிவு. குற்றம் சாட்டப்பட்டவரும் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. 2016 செப்டம்பர் 7-ந் தேதி யூத் பார் அஸோஸியேஷன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பின்படி, அவர் சார்பில் மனுச் செய்தால் போலீசார் 24 மணி நேரத்துக்குள்ளும், கோர்ட்டு இரண்டு வேலை நாட்களுக்குள்ளும் பிரதி தர வேண்டும். பதிவான அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தளத்தில் வெளியிட வேண்டும் என்றும், வசதி குறைந்த இடங்களுக்கு 72 மணி நேரம் வரை சலுகை உண்டு என்றும் அதே தீர்ப்பு கூறிற்று. பாலியல் குற்றங்கள், பயங்கரவாதம் முதலிய நுட்பமான வழக்குகள் இந்த வெளியீட்டுக்கு விலக்கு.

குற்றப்பத்திரிகை தாக்கலாகி, கோர்ட்டு அதைக் கோப்பில் ஏற்ற பிறகு, கேஸுக்கு வேறு நம்பர் வந்துவிடுகிறது. இதை அறியாமல் போலீஸ் நம்பரையே சொல்லிக்கொண்டு கோர்ட்டு வராந்தாவில் அலைபவர் பலர். நமது மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் அது ஸி.ஸி. நம்பர், செஷன்ஸ் கோர்ட்டில் எஸ்.ஸி. நம்பர், செஷன்ஸுக்கு அனுப்பப்படுமுன் மாஜிஸ்திரேட்டிடம் இருக்கையில் பி.ஆர்.ஸி. நம்பர். இவற்றைக் கண்டுபிடிக்க இன்று கம்ப்யூட்டர் பெரிதும் உதவுகிறது. 2007-ல் தொடங்கிய இ-கோர்ட்ஸ் திட்டத்தின் இணையத்தளத்தில் ஜில்லாவையும் கோர்ட்டையும் குறிப்பிட்டு, கட்சிக்காரர் பெயரைக் கொண்டோ, வக்கீல் பெயரைக் கொண்டோ, போலீஸ் ஸ்டேஷனும் அறிக்கை நம்பரும் கொண்டோ தேடலாம். ஒவ்வொரு கேஸுக்கும் எழுத்தும் இலக்கமுமாக 16 இடங்கள் கொண்ட ஸி.என்.ஆர். என்னும் தனி அடையாளம் உண்டு. அதைக் குறித்து வைத்துக்கொண்டால் வாய்தாத் தேதி முதல் முடிவு வரை வீட்டிலிருந்தே அறியலாம்.

பெயரை மட்டும் கொண்டு தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. முருகன் என்ற பெயருடையவர்கள் ஒரு தாலுகாவிலேயே எத்தனையோ பேர் இருப்பார்கள். தகப்பனார் பெயரையும் ஊரையும் ஒத்துப் பாராமல் முடிவு கட்டுவது பெரும் பாவம்.

கம்ப்யூட்டரில் காண்பது தகவல் மாத்திரமே. பிறர் முன் ஆதாரமாக வைக்கத்தக்கது கோர்ட்டு முத்திரையிட்ட சான்று நகல். இதற்கு நகல் பிரிவில் எழுத்துமூலம் மனுச் செய்ய வேண்டும். கேஸ் நம்பர், தரப்பினர் பெயர், தீர்ப்புத் தேதி, வேண்டிய தஸ்தாவேஜின் விவரம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதிக் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டிக் கொடுத்தால் மனுவுக்கு நம்பர் போடுவார்கள். நகலுக்குச் செலுத்த வேண்டியது எவ்வளவு என்பதை அறிவிப்பார்கள். உரிய நாளுக்குள் செலுத்தாவிட்டால் மனு தள்ளுபடியாகும். ஆகையால் நோட்டீஸ் பலகையைப் பார்த்து வருவது அவசியம். கேஸில் சம்பந்தப்படாத மூன்றாமவர், இன்ன காரணத்துக்காக நகல் வேண்டும் என்று பிரமாணப் பத்திரத்துடன் மனுச் செய்து நீதிபதியின் உத்தரவு பெற வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தைக் காட்டிக் கேட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஹைக்கோர்ட்டு விதிகளில் நகல் பெறும் வழி இருக்கையில் அந்தச் சட்டத்தை நாட முடியாது என்று 2020 மார்ச் 4-ந் தேதி, குஜராத் ஹைக்கோர்ட்டு சம்பந்தமான வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துவிட்டது.

தண்டனை பெற்றவருக்கோ நகல் என்பது ஜீவாதாரமான விஷயம். சிறைத் தண்டனை விதிக்கப்பட்டால், தீர்ப்புச் சொன்ன உடனேயே அதன் நகலை அவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது 404-வது பிரிவு. மாஜிஸ்திரேட் தீர்ப்பின் பேரில் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் செய்ய 30 நாட்களே உண்டு. ஹைக்கோர்ட்டில் அப்பீல் செய்ய 60 நாட்கள். மரண தண்டனையானால் 30 நாட்கள். நகல் பெறுவதற்கு அவசியமான காலத்தை இந்தக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ள 1963-ம் வருஷத்து லிமிடேஷன் சட்டத்தின் 12-வது பிரிவு இடம் தருகிறது. மனுச் செய்த தேதி, நகல் தயாரான தேதி முதலியவற்றை நகலிலேயே குறிப்பது அதற்காகத்தான். அத்தேதிகளைச் சரிபாராமல் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைப்பவர் அப்பீல் உரிமையையே இழக்க நேரலாம்.

ஏட்டின் சக்தி எத்தகையது என்பதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. 1908 ஜூலையில் திருநெல்வேலியில் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு ஆயுள் தீவாந்தர தண்டனை விதித்தார். அப்பீலில் சென்னை ஹைக்கோர்ட்டு அத்தண்டனையைக் குறைத்தது. நூற்றாண்டு கடந்த பின்னரும், அந்த நீதிபதியின் மனப்போக்கை நாம் அவர் எழுதிய தீர்ப்பைக் கொண்டே அளக்கிறோம். குற்றவாளிக் கூண்டில் நின்றவருக்கு விரோதமாக எழுதப்பட்ட ஏடு, எழுதியவருக்கே சாட்சியாகிவிட்டது.

ஆயினும் எல்லா ஏடுகளையும் எல்லோரும் பார்க்கலாகாது. பாலியல் பலாத்காரத்துக்கு இலக்கான பெண்ணின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வழக்கில் அகப்பட்ட சிறுவர் சிறுமியரின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ம் வருஷத்து இளஞ்சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது. இத்தடைகள் பலவீனரைக் காப்பதற்கு ஏற்பட்டவை. இவற்றை மதிக்காதவர் பகிரங்கத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்.

இனி, ஏட்டைப் படிக்கும் முறை. முதல் தகவல் அறிக்கை ஒருவர் சொன்ன புகார், அது தீர்ப்பாகாது. ஒரு கேஸ் ஹைக்கோர்ட்டில் ரத்தாகலாம். விசாரணைக்கு முன்பே எதிரி விடுவிக்கப்படலாம். விசாரணை முடிந்து விடுதலையாகலாம். தண்டனை பெற்று அப்பீலில் நிற்கலாம். இவை ஒன்றுக்கொன்று வேறான முடிவுகள். ஊர்வலம் போனதற்காகச் சட்டவிரோதக் கூட்டம் என்று போடப்பட்ட கேஸையும், ஏழையின் நிலத்தைப் பறித்ததற்காகப் போடப்பட்ட கேஸையும் ஒரே எண்ணிக்கையில் சேர்ப்பது நியாயமாகுமா? கடைசிப் பக்கம் வரை படித்தவருக்கே பேசும் உரிமை உண்டு.

வேட்பாளர்கள் தங்கள் கிரிமினல் வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு சுப்ரீம் கோர்ட்டின் 2002-ம் வருஷத்துத் தீர்ப்பினால் உண்டாயிற்று. இத்தகையவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்ற காரணத்தைக் கட்சிகள் வெளியிட வேண்டும் என்று 2020 பிப்ரவரி 13-ந் தேதி அதே கோர்ட்டு உத்தரவிட்டது. வேட்பாளர் தாக்கல் செய்யும் 26-வது பாரத்தில் கோர்ட்டின் பெயரும் கேஸ் நம்பரும் காணப்படும். அந்த நம்பரைக் கோர்ட்டு ஏட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைச் செய்ய ஒவ்வொரு தொகுதியிலும் பத்துப் பேர் முன்வந்தால், மேடை முழக்கங்களில் பாதி தாமே அடங்கிவிடும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. தீர்ப்பு நகலை ஏழு நாட்களுக்குள் இணையத்தளத்தில் ஏற்ற வேண்டும் என்று 392-வது பிரிவு சொல்லிவிட்டு, 'இயன்றவரை' என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறது. தாமதம் நுழைவதற்கு அந்த ஒரு சொல்லே போதும். அது அவ்வாறு பயன்படாமல் ஹைக்கோர்ட்டு கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கோர்ட்டு வாயிலிலும் நகல் பெறும் முறையையும் கட்டணத்தையும் தெளிந்த தமிழில் எழுதி வைக்க வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு மனு எழுதிக்கொடுக்க இலவசச் சட்ட உதவியாளர் ஒருவரை அமர்த்துவது அரிதல்ல. நகல் தருவது குமாஸ்தாவின் தயவாகவும், அதற்குக் கைக்கூலி எதிர்பார்ப்பது வழக்கமாகவும் இருக்கும் இடங்களில் சட்டம் காகிதத்திலேயே நிற்கும்.

பொதுஜன ஊழியர்களுக்கு நாம் சொல்லுவது இது. உங்கள் பேரில் கேஸ் இருந்தால் அதன் முடிவு நகலை இன்றே வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். பிறர் பேரில் கேஸ் இருப்பதாகக் கேள்விப்பட்டால், நாவை அடக்கிக்கொண்டு, முதலில் நகலுக்கு மனுப் போடுங்கள். ஒரு மனிதனின் மானம் அந்தச் சில தாள்களில் இருக்கிறது.