எட்டுப் போடும் காடு

கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலைபார்க்கும் வாசகர் ஒரு படத்தை அனுப்பியிருக்கிறார். அலுவலகப் பயிற்சி வகுப்பில் கொடுத்தார்களாம். படுக்கவைத்த எட்டு, அதன் வளைவுகளில் விதை, மரம், தீ, சாம்பல். குழுவின் ஒவ்வொரு வேலையையும் இந்த எட்டின்மேல் ஒட்டிப் பார்த்தால், எது வளர்கிறது, எது முற்றிவிட்டது, எதை எரிக்கலாம் என்பதை இயற்கையே காட்டிக்கொடுக்கும் என்று பயிற்சியாளர் சொன்னாராம். இதில் அறிவியல் எத்தனை பங்கு, கப்சா எத்தனை பங்கு என்று கேட்கிறார் வாசகர்.

அறிவியல் இருக்கிறது. வகுப்பில் தொடாமல் விட்ட இடத்தில் இருக்கிறது.

முதலில் சுலபமானதைக் கழித்துவிடலாம். இதே சரக்கின் மலிவுப் பதிப்பு ஒன்று ‘நான்கு பருவம்’ என்ற பெயரில் சுற்றுகிறது: வசந்தத்தில் திட்டமிடு, கோடையில் உழை, இலையுதிர்காலத்தில் கழி, குளிரில் ஓய்ந்திரு. திரையில் சிவந்த மேப்பிள் இலை வேறு. கோவைக்காரருக்கு அந்த இலையால் என்ன பயன்? நம்மூர் வேம்பு மாசி, பங்குனி வெயிலில் இலையைக் கொட்டிவிட்டு, மழைக்குக்கூடக் காத்திராமல் உடனே தளிர்விடுகிறது. இயற்கையைப் பார்த்து நட என்பவர்கள் எந்த ஊர் இயற்கை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

எட்டின் கதை அவ்வளவு மலிவானதல்ல. அதை வரைந்தவர் கனடாவின் சூழலியலாளர் சி. எஸ். ஹாலிங். சூழல் அமைப்புகளின் தாங்குதிறன் பற்றி அவர் 1973-ல் எழுதிய கட்டுரை பெரிதாகப் பேசப்பட்டது. வளர்ச்சி, சேமிப்பு, விடுவிப்பு, மறுசீரமைப்பு என்று நான்கு கட்டமாகச் சுழலும் எட்டு 1986-ல் வந்தது. 1995-ல் டேவிட் ஹர்ஸ்ட் என்ற கனடா நாட்டு நிர்வாகி அதை மேலாண்மைப் புத்தகமாக்கினார். பிறகு பயிற்சி வகுப்புகள் பிடித்துக்கொண்டன. ஒரு வேடிக்கையை மட்டும் சொல்லிவிட்டு வரலாற்றை மூடிவிடலாம். விடுவிப்புக் கட்டத்துக்கு ஹாலிங் சூட்டிய ‘ஆக்கபூர்வ அழிவு’ என்ற பெயர், பொருளாதார அறிஞர் ஷும்பீட்டர் 1942-ல் முதலாளித்துவத்தைப் பற்றிப் பயன்படுத்தியது. சந்தையிலிருந்து காட்டுக்குப் போன சொல்தான், இயற்கையின் ஞானம் என்ற பெயரில் சந்தைக்கே திரும்பி வந்திருக்கிறது.

இனி ஹாலிங் ஆராய்ந்த காட்டுக்குள் போகலாம். கிழக்குக் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணம். பால்சம் ஃபர் மரமும் ஸ்புரூஸ் மரமும் அடர்ந்த ஊசியிலைக் காடு. அங்கே ஸ்புரூஸ் மொட்டுப்புழு என்றொரு புழு உண்டு. பெயர்தான் ஸ்புரூஸ், நாக்கு பால்சம் ஃபர் கேட்கும். வசந்தத்தில் விரியும் மொட்டைக் குடைந்து, இளந்தளிர்களை நூலால் கட்டி உள்ளே உட்கார்ந்து தின்னும். பல ஆண்டுகளுக்கு இந்தப் புழுவைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. பிறகு சில ஆண்டுகளிலேயே எண்ணிக்கை ஆயிரம் மடங்குக்கு மேல் ஏறும். நாலைந்து வருடம் தொடர்ந்து மொட்டையடிக்கப்பட்ட ஃபர் மரங்கள் நின்றபடியே சாகும். இருபதாம் நூற்றாண்டில் சுமார் முப்பது, நாற்பது ஆண்டு இடைவெளியில் மூன்று முறை இப்படி நடந்தது. எழுபதுகளில் வந்த பெருக்கம், கிழக்கு வட அமெரிக்கா முழுவதையும் சேர்த்தால், ஐந்து கோடி ஹெக்டேரைத் தாண்டியது.

இத்தனை காலம் அடங்கிக்கிடந்த புழுவை அடக்கிவைத்திருந்தது யார்? ஹாலிங் குழு கைகாட்டியது வார்ப்ளர் எனப்படும் சிறு பறவைகளை. அவை ஏன் திடீரென்று தோற்றன என்பதற்கான விடையில் பாதியை, ஹாலிங் ஐம்பதுகளிலேயே ஒரு மேசைமேல் கண்டுபிடித்திருந்தார்.

மூன்றடிக்கு மூன்றடி மேசை. அதன்மேல் 4 சென்டிமீட்டர் விட்டத்துக்கு வெட்டிய உப்புத்தாள் வட்டுகள், குண்டூசியால் குத்தப்பட்டவை. கண்ணைக் கட்டிய ஒரு பெண் மேசையை விரலால் தட்டித் தட்டித் தேடவேண்டும். வட்டு அகப்பட்டால் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி தேடவேண்டும். ஒரு நிமிடம்தான். வட்டுகள் புழுக்கள், அந்தப் பெண் பறவை. வட்டுகளைக் கூட்டிக்கொண்டே போனால் பிடிபடுவதும் கூடியது, ஆனால் ஓர் அளவு வரைதான். அதற்குமேல் மேசை முழுக்க வட்டைப் பரப்பினாலும் பயனில்லை. நிமிடம் முழுவதும் பிடுங்குவதற்கும் ஓரமாக வைப்பதற்குமே சரியாகிவிடுகிறது, தேட நேரமில்லை. 1959-ல் அவர் வெளியிட்ட இந்தக் கணக்குக்கு இன்றும் ‘வட்டுச் சமன்பாடு’ என்றுதான் பெயர். ஆய்வகக் கருவி எதுவும் வேண்டாத இத்தனை எளிய சோதனையிலிருந்து சூழலியலின் அடிப்படைச் சமன்பாடுகளில் ஒன்று பிறந்தது என்பது நினைக்க நினைக்க இனிக்கிறது.

மீதிப் பாதி, மரத்தின் இலையில் இருக்கிறது. காடு இளசாக இருக்கும்போது கிளையும் குறைவு, ஊசியிலையும் குறைவு. புழு ஒளிய இடமில்லை. மரம் முற்ற முற்ற ஒரு ஹெக்டேரில் இருக்கும் இலைப்பரப்பு பல மடங்காகிறது. பறவைகள் அப்படிப் பெருகுவதில்லை. ஒவ்வொரு ஜோடியும் தனக்கென எல்லை வகுத்துக்கொண்டு மற்றதை விரட்டும். புழு மிகுந்த வருடத்தில் பறவையும் கொஞ்சம் கூடும், ஈடுகொடுக்கும் அளவுக்கு இல்லை. ஆக, பறவைகளின் தேடல் விரிந்த இலைப்பரப்பில் நீர்த்துப்போகிறது. 1978-ல் லுட்விக், ஜோன்ஸ், ஹாலிங் மூவரும் இதைக் கணிதமாக்கிக் காட்டினார்கள். ஆண்டுக்கணக்கில் மெல்ல நகரும் இலைப்பரப்பு ஒரு வரம்பைத் தாண்டியதும், மாதக்கணக்கில் நகரும் புழு பிடியிலிருந்து நழுவிவிடுகிறது. தாண்டிய அன்று வெளியே எந்த அறிகுறியும் தெரியாது.

வீட்டுப் பரணை எடுத்துக்கொள்வோம். தனிக்குடித்தனம் வந்த புதிதில் பரணில் ஓர் அண்டா, ஒரு டிரங்குப் பெட்டி. கரப்பான்பூச்சி ஏதாவது வந்தால் சுவர்ப்பல்லி பார்த்துக்கொள்ளும். பத்து வருடத்தில் மிக்சி வந்த அட்டைப்பெட்டி, பிள்ளைகளின் பழைய நோட்டுகள், கொலுப்படிப் பலகை, கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரங்கள், கால் போன நாற்காலி எல்லாம் ஏறிவிடும். பல்லி அதே இரண்டுதான். மூன்றாவது வந்தால் அடித்துத் துரத்தும் பல்லிகள். இன்னும் ஒரே ஓர் அட்டைப்பெட்டி ஏறுகிறது, யாரும் கவனிக்கவில்லை. அடுத்த மாதம் ஓர் இரவு தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறை விளக்கைப் போட்டால் தரை நகர்கிறது. உடனே மருந்தடிக்கிறோம். கரப்பு குறையும், பெட்டிகள் அப்படியே இருக்கும். மருந்தை நிறுத்திய மாதம் மறுபடியும் தரை நகரும். கடைசியில் போகிக்கு யாராவது பரணைக் காலிசெய்யவேண்டும். காட்டில் அதற்கு ஆளில்லை; கரப்பே பெட்டி, நோட்டு, நாற்காலி எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டுத் தானும் பட்டினியில் சாகவேண்டும். உவமை இந்த இடத்தில் மூச்சு வாங்குவதால் பல்லிகளை விட்டுவிடலாம்.

மருந்தடித்த கதை மட்டும் உவமையல்ல. நியூ பிரன்ஸ்விக்கில் 1952-ல் விமானத்திலிருந்து டிடிடி தெளிக்க ஆரம்பித்தார்கள். ரேச்சல் கார்சன் 1962-ல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ நூலில் மிரமிஷி ஆற்றின் சால்மன் மீன்கள் செத்ததாகச் சொல்லும் பகுதி இந்தத் தெளிப்பைப் பற்றியதுதான். பிறகு மருந்து மாறியது, தெளிப்பு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நீடித்தது. மரங்கள் பிழைத்தன, மரத்தை நம்பிய ஆலைகளும் பிழைத்தன. அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் ஹாலிங் குழுவின் கணக்குப்படி, பிழைத்த மரம் என்றால் குறையாத இலை. காடு எப்போதும் வரம்பின் விளிம்பிலேயே நின்றது. தெளிப்பை நிறுத்த முடியாத காட்டை, தெளித்தே உருவாக்கியிருந்தார்கள்.

வேலையைத் திட்டமிடுகிறவருக்கு இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதென்றால், அது எட்டு அல்ல, இந்த மெல்ல நகரும் இலைதான். மென்பொருள் குழுவில் பழைய நிரல் வரிகள் வருடாவருடம் கூடுகின்றன. பிழை தேட அதே நாலு பேர். பிழைகளின் எண்ணிக்கையை வாராவாரம் பலகையில் எழுதுவார்கள். ஒரு பிழையைக் கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகிறது, அந்த நேரம் போன வருடத்தைவிடக் கூடியிருக்கிறதா என்று யாரும் எழுதுவதில்லை. கண்டுபிடித்ததைக் கையாளவே நாள் போய்விடுகிறதென்றால், கண்கட்டிய பெண்ணின் நிலைக்குக் குழு வந்துவிட்டது. பழைய நிரலைப் புதுப்பிக்கவேண்டிய நேரத்தைச் சொல்வது, தேட ஆகும் இந்த நேரத்தின் அளவுதான். பருவமோ காலாண்டோ அதைச் சொல்லாது.

‘எரித்துவிடு’ என்ற அறிவுரை இன்னும் மோசம். பெரிய மரங்கள் செத்தபிறகு காடு எப்படி மீள்கிறது? படத்தில் சாம்பலிலிருந்து ஒரு கோடு வளைந்து விதைக்குப் போகிறது. கோட்டுக்குக் கீழே எதுவும் இல்லை. காட்டில் அங்கேதான் எல்லாம் இருக்கிறது. பால்சம் ஃபர் கன்றுகள் நிழலைப் பொறுப்பவை. பெரிய மரங்களின் அடியில், முழங்கால் உயரம்கூட எட்டாமல், பத்து இருபது வருடங்கள் ஒடுங்கிக்கொண்டு நிற்கும். வயது கேட்டால் நம்பமுடியாது. புழு அவற்றையும் கடிக்கும், ஆனாலும் வேண்டிய அளவு தப்பிவிடும். மேலே வெளிச்சம் திறந்ததும் சரசரவென்று எழுபவை அவைதான். அதாவது புதுக்காடு, பழைய காடு செழித்திருந்தபோதே அதன் காலடியில் நின்றிருந்தது. செத்த மரமும் அங்கேயே விழுந்து மட்கி அந்த மண்ணுக்கே உரமாகிறது. இருநூறு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அதற்கு ‘விடுவிப்புக் கட்டம்’ என்று பெயர்சூட்டும் நிறுவனத்தில் அடிக்கன்று எது, உரம் யாருக்குப் போகிறது என்று பயிற்சியாளரைக் கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் கேட்கலாம். இந்தக் காட்டுக் கதையே முழுக்க நிலைபெற்றுவிட்டதா? இல்லை. கனடாவிலேயே பணியாற்றிய சூழலியலாளர் டி. ராயமா, நெடுங்காலப் புள்ளிவிவரங்களை அலசி 1984-ல் எழுதிய கட்டுரையில், வரம்பைத் தாண்டி நழுவும் கதையை ஏற்கவில்லை. புழுவின் ஏற்ற இறக்கம் சீராக மெல்ல அலைவது என்றார். அதை ஆட்டிவைப்பவை புழுவின் உடலில் முட்டையிடும் ஒட்டுண்ணிப் பூச்சிகளும் நோய்களும் என்றார். பறவைக்கும் இலைக்கும் அவர் கணக்கில் முதலிடம் இல்லை. நாற்பது வருடமாகியும் சூழலியலாளர்கள் இதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. பயிற்சி வகுப்பில் மட்டும் அன்று மதியமே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

க்யூபெக்கில் 2006 வாக்கில் மறுபடி புழு பெருகத் தொடங்கியது. பக்கத்திலிருக்கும் நியூ பிரன்ஸ்விக் 2014 முதல் வேறு உத்தியைக் கையாளுகிறது. காடு முழுக்கத் தெளிக்காமல், எண்ணிக்கை ஏறத்தொடங்கும் திட்டுகளை முளையிலேயே கண்டு அங்கே மட்டும் தெளிப்பது. எண்ணிக்கை மிகக் குறைந்தால், புழுக்கள் வளர்ந்து உருவாகும் அந்துகளுக்கு இணை கிடைக்காமல் இனப்பெருக்கம் தானே படுத்துவிடும் என்பது நம்பிக்கை. திட்டுகளைக் கண்டுபிடிக்கும் வேலை பகட்டில்லாதது. ஆண்டுதோறும் மாகாணமெங்கும் பல இடங்களில் கிளைகளை வெட்டி ஆய்வகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்து அலசினால், குளிர்காலத்துக்காகப் பட்டைச் செதில்களுக்குள் கூடு கட்டி உறங்கும் குட்டிப்புழுக்கள் கழன்று வரும். வடிகட்டி, உருப்பெருக்கியின் கீழே வைத்து, ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். அடுத்த கோடையில் எந்தத் திட்டுக்கு விமானம் போகவேண்டும் என்பது அந்த எண்ணிக்கையைப் பார்த்து முடிவாகிறது.