வீட்டு மறைக்கல்விக்கு ஒரு நாட்காட்டி

திருச்சபையின் ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை. நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் எந்த நாள் ஞாயிறாக வருகிறதோ, அன்று திருவருகைக்காலத்தோடு பிறக்கிறது. அன்று பூசைக்குப் போகும் பிள்ளை, சாமியாரின் மேலுடை ஊதாவுக்கு மாறியிருப்பதைப் பார்த்து "ஏன் கலர் மாத்திட்டாங்க?" என்று கேட்டால், வீட்டு மறைக்கல்வி அங்கேயே தொடங்கிவிட்டது. பதில் சொல்ல அப்பாவோ அம்மாவோ தயாராக இருக்க வேண்டும்.

இந்த முறை விவிலியத்திலேயே இருக்கிறது. விடுதலைப் பயணம் 12-ஆம் அதிகாரத்தில் பாஸ்கா விருந்தை எப்படிக் கொண்டாடுவது என்று சொல்லி வரும்போதே, இதற்கு என்ன பொருள் என்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது இதைச் சொல்லுங்கள் என்று பெற்றோருக்கு ஒரு குறிப்பும் வருகிறது. முதலில் செய்வது, அதைப் பார்த்துக் கேட்பது, பிறகுதான் விளக்கம். ஞாயிறு வகுப்பில் நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாக்கிவிடுகிறோம். விளக்கத்தை மனப்பாடம் செய்யவைத்து, தேர்வு வைத்து, பரிசும் கொடுத்துவிடுகிறோம். செய்வதற்கு மட்டும் நேரம் இருப்பதில்லை.

வீட்டு மறைக்கல்வி நம் கடற்கரைக்குப் பழக்கமான கதைதான். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், செபங்களைத் தமிழில் எழுதவைத்து மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை ஆட்டியபடி தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். படித்ததை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பினார். அதாவது, அங்கே குடும்பத்துக்கு உபதேசியாராக இருந்ததே பிள்ளைகள்தாம். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', இந்திய மொழி ஒன்றில் இந்தியாவில் அச்சேறிய முதல் நூல். அதுவும் மறைக்கல்வி நூல்தான்.

சவேரியார் திருநாள் டிசம்பர் 3. ஆகவே திருவருகைக்காலத்தை அவரோடே தொடங்கிவிடலாம். நம் ஊரில் அது மழைக்காலம். பனிமனிதனும் கலைமானும் வரைந்த தாள்களைப் பிள்ளையிடம் நீட்டி வண்ணம் தீட்டச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த நேரத்தை ஒரு வளையத்தில் நான்கு மெழுகுதிரி நடுவதற்குச் செலவிடலாம். மூன்று ஊதா, ஒன்று ரோஸ். வாரம் ஒன்றாக ஏற்ற வேண்டும். மூன்றாம் ஞாயிறு மட்டும் ரோஸ், ஏனென்றால் அது மகிழ்ச்சியின் ஞாயிறு, பாதி வழி தாண்டிவிட்டோம் என்று சொல்கிற நாள். வண்ண மெழுகுதிரி கிடைக்காவிட்டால் வெள்ளைத் திரியில் ரிப்பன் கட்டினால் போதும். இரவுச் செபத்துக்கு மின்விளக்கை அணைத்துவிட்டு இதை மட்டும் ஏற்றினால், செபத்தில் உட்கார மறுக்கிற வாண்டுகூட வந்து உட்காரும். திரியை ஊதி அணைப்பது யார் என்ற சண்டையைத் தீர்க்க முன்கூட்டியே முறை வைத்துவிடுவது நல்லது.

குடிலின் கதை பிள்ளைகளுக்குச் சொல்ல வாகானது. 1223 கிறிஸ்து பிறப்பு இரவில் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசி அமைத்த குடிலில் சுரூபங்கள் கிடையாது. வைக்கோல் நிறைந்த தீவனத்தொட்டி, உயிருள்ள மாடு, கழுதை, சுற்றிலும் ஊர்மக்கள், அவ்வளவே. நம் வீட்டுக் குடிலில் பாலன் சுரூபத்தைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுகிறோம். பிறகு டிசம்பர் 24 இரவு வைப்பதற்கு என்ன இருக்கிறது? தொட்டி காலியாக இருக்கட்டும். பிள்ளை ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு வைக்கோல் இழையை எடுத்து அதில் போடட்டும். தங்கைக்குப் பென்சில் கொடுத்தது, பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது எல்லாம் கணக்கில் வரும். யார் எத்தனை போட்டார்கள் என்று மட்டும் எண்ணாதீர்கள். எண்ணினால் அது ஓட்டப்பந்தயம் ஆகிவிடும். மூன்று ராஜாக்களையும் குடிலில் வைக்காமல் வேறு அறையின் அலமாரியிலிருந்து புறப்படவிட்டு, நாளுக்கு ஒரு முழம் நகர்த்திக்கொண்டே வந்து, ஜனவரியில் அவர்கள் திருநாளன்று குடிலில் சேர்க்கலாம். டிசம்பர் 26-ஆம் தேதியோடு கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டது என்ற எண்ணத்தைப் போக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

பொங்கலை ஒட்டி வரும் ஜனவரி 14 புனித தேவசகாயத்தின் திருநாள். 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர், 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். குருவோ துறவியோ அல்லர், மனைவியோடு வாழ்ந்த குடும்பஸ்தர். புனிதர் என்றாலே அங்கி போட்டவர் என்று நினைக்கிற பிள்ளைக்கு இவர் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

தவக்காலத்தை ஒரு கணக்கோடு தொடங்கலாம். சாம்பல் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணச் சொல்லுங்கள். 46 வரும். நாற்பது நாள் என்கிறார்களே என்று பிள்ளை திரும்பிப் பார்க்கும். ஆறு ஞாயிறுகளைக் கழித்துவிட்டால் சரியாகிவிடும். ஞாயிறு உயிர்ப்பின் நாள், அது நோன்புக் கணக்கில் சேராது. சாம்பல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் வரும். போன ஆண்டுக் குருத்தோலையைச் சேர்த்து எரித்த சாம்பல் அது. சுவரில் சிலுவையாக மடித்துச் செருகி வைத்த பழைய ஓலையைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துக் கோவிலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பூசையில் தவக்காலம் முழுக்க 'அல்லேலூயா' பாடுவதில்லை. அந்தச் சொல்லை ஒரு தாளில் அழகாக எழுதி, பெட்டியில் போட்டுப் பூட்டிவைத்து, உயிர்ப்பு நாளில் திறப்பது சிறு பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். நோன்பைப் பொறுத்தவரை திருச்சபைச் சட்டம் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்துவதில்லை. இறைச்சி தவிர்ப்பது 14 வயது நிறைந்தவர்களுக்கு, ஒருசந்தி 18 முதல் 59 வயது வரை. ஆனால் தவத்தின் பொருளைச் சிறு வயதிலேயே உணர்த்துவது பெற்றோர் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. எதை விடுவது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். "நாற்பது நாளைக்கு போன் கிடையாது" என்று அம்மா அறிவித்தால் அது தண்டனை, தவமல்ல. விட்ட தின்பண்டத்தின் காசு உண்டியலில் விழ வேண்டும். கடைசியில் உண்டியலைப் பிள்ளை முன்னால் உடைத்து, அது யாருக்குப் போகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். அம்மா அப்பாவுக்கும் ஒரு உண்டியல் இருந்தால் நல்லது. பிள்ளைகள் இதைக் கவனிப்பார்கள்.

புனித வாரத்துக்கு நாம் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் வேலை கொடுக்கிற வாரம் அது. பிள்ளையைக் கோவிலுக்குக் கூட்டிப்போகும் முன் எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினால் போதும். பெரிய வியாழன் என்றால் மணி. வானவர் கீதத்தின்போது அடிக்கும் மணி, அதற்குப் பிறகு பாஸ்கா இரவில் அதே கீதம் வரும்வரை ஒலிக்காது. நடுவில் மரக்கட்டையைத் தட்டித்தான் ஒலி எழுப்புவார்கள். பெரிய வெள்ளி என்றால் பீடம். துணியும் மெழுகுதிரியும் சிலுவையும் இல்லாமல் வெறும் பீடமாக இருக்கும். உலகில் எந்தக் கோவிலிலும் அன்று திருப்பலி கிடையாது. பாஸ்கா இரவு என்றால் நெருப்பு. வெளியே மூட்டிய புதுத்தீயில் ஏற்றிய பாஸ்கா மெழுகுதிரியில் அந்த ஆண்டின் எண் பொறித்திருக்கும், ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகள் பதித்திருக்கும். தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டு வாசகங்களே ஏழு வரை உண்டு, குழந்தை நடுவில் தூங்கிப்போனால் போகட்டும். மணி அடிக்கும்போது மட்டும் எழுப்பிவிடுங்கள்.

வியாழன் மாலை, கோவிலுக்குப் புறப்படும் முன் வீட்டிலேயே பாதம் கழுவலாம். ஒரு பேசின், ஒரு செம்பு தண்ணீர், ஒரு துண்டு. அப்பா முதலில் கழுவட்டும், கடைக்குட்டியின் காலிலிருந்து தொடங்கட்டும். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். கூச்சம் வரும், பேதுருவுக்கே வந்ததுதானே. கோவிலில் பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் விதியை மாற்றினார். வீட்டில் அம்மாவை விட்டுவிட வேண்டாம்.

எனக்குள்ள பெரிய மனக்குறை இனிமேல்தான். தவக்காலத்துக்கு நாற்பது நாளும் திட்டம் போடுகிறோம், சிலுவைப்பாதை, கஞ்சி, தியானம் என்று நாள் நகரும். உயிர்ப்பின் மகிழ்ச்சியோ ஒரு ஞாயிறு பிரியாணியோடு தீர்ந்துபோகிறது. பாஸ்கா காலம் பெந்தகோஸ்து வரை 50 நாள், தவக்காலத்தைவிட நீளமானது. கோடை விடுமுறை என்பதால் பல பங்குகளில் அப்போது மறைக்கல்வி வகுப்பும் இருக்காது. வீட்டுக்குக் கிடைத்த வாய்ப்பாகவே இதைப் பார்க்கிறேன். சாப்பாட்டு மேசையில் 50 நாளும் ஒரு வெள்ளை மெழுகுதிரி இருக்கட்டும். உயிர்த்த இயேசு கரையில் கரியடுப்பில் மீன் சுட்டுச் சீடர்களைச் சாப்பிடக் கூப்பிட்ட யோவான் 21-ஆம் அதிகாரத்தை, வீட்டில் மீன் வாங்குகிற நாளில் வாசிக்கலாம். அடுப்படியில் நின்றுகொண்டே வாசித்தாலும் குற்றமில்லை. பிள்ளையின் ஞானஸ்நானத் திரி பீரோவில் கிடந்தால் அதைத் தேடி எடுத்து, ஞானஸ்நானத் தேதியையும் கண்டுபிடித்து, அன்று ஏற்றுங்கள். பிறந்தநாள் தெரிகிற அளவுக்கு அந்தத் தேதி நமக்குத் தெரிவதில்லை.

அதன் பிறகு வரும் பச்சை நிறப் பொதுக்காலம் நீளமானது, பெரிய விழாக்கள் குறைவு. அதற்குப் பெயர் திருநாள்கள் கைகொடுக்கும். நம் குடும்பங்களில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. அந்தோணிக்கு ஜூன் 13, இராயப்பருக்கும் சின்னப்பருக்கும் ஜூன் 29, சந்தியாகுவுக்கு ஜூலை 25, ஆரோக்கியத்துக்கு செப்டம்பர் 8. மற்ற மாதங்களில் லூர்துவுக்கு பிப்ரவரி 11, சூசைக்கு மார்ச் 19. அன்று ஒரு பாயசம், அந்தப் புனிதர் பற்றி இரண்டு வரி. தாத்தா பாட்டி பெயர்களையும் சேர்த்துக்கொண்டால் மாதத்துக்கு ஒன்றாவது தேறும்.

கணக்கு பிடித்த பிள்ளைக்கு இன்னொரு புதிர். மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாள். ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. டிசம்பர் 8 மாதாவின் அமல உற்பவம். ஒன்பது மாதம் கழித்து அவரது பிறந்தநாள், வேளாங்கண்ணியில் நாம் கூடுகிற செப்டம்பர் 8. வானதூதர் வந்தபோது எலிசபெத்துக்கு ஆறாம் மாதம் என்கிறார் லூக்கா, அப்படியானால் திருமுழுக்கு யோவான் எப்போது பிறந்திருப்பார்? ஜூன் கடைசி வாரம் என்று தானே கண்டுபிடித்து, நாட்காட்டியில் ஜூன் 24-ஐப் பார்க்கிற பிள்ளை அதை மறக்காது.

பதின்ம வயது வந்துவிட்டால் வைக்கோலும் பெட்டியும் எடுபடாது, வற்புறுத்தவும் வேண்டாம். அவர்களுக்குப் பொறுப்பு கொடுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர், உறவு, ஊர் எல்லாவற்றையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதும் வேலையை ஒப்படைக்கலாம். சனிக்கிழமை இரவு மறுநாள் நற்செய்தியை வீட்டில் வாசிப்பதையும் அவர்களிடமே விடலாம். எந்த ஆண்டு யாருடைய நற்செய்தி என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. ஆண்டு எண்ணை மூன்றால் வகுத்தால் மீதி 1 என்றால் மத்தேயு, 2 என்றால் மாற்கு, மீதியே இல்லையென்றால் லூக்கா. திருவருகைக்காலம் தொடங்கியதும் அடுத்த ஆண்டின் எண்ணைக் கணக்கில் எடுக்க வேண்டும். யோவானுக்குத் தனி ஆண்டு இல்லை, தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் அவர் அதிகம் வருவார். மாற்கு ஆண்டு வருகிறபோது, ஞாயிறுக்குக் காத்திராமல் அந்த நற்செய்தி முழுவதையும் ஒரே மாலையில் மாறிமாறி வாசித்துவிடலாம். 16 அதிகாரங்கள்தான்.