தண்ணீர் குறைந்தால் குறை கிணற்றிலா, பம்பிலா?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் மார்கழிப் பட்டத்தில் விதைக்கப்படும் இறவை நிலக்கடலைக்குக் கிணற்று நீரே பெரிதும் ஆதாரம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. இரகங்களாயினும் சரி, வேறு இரகங்களாயினும் சரி, பூக்கும் தருணத்திலும், விழுது இறங்கும் தருணத்திலும், காய் பிடிக்கும் தருணத்திலும் மண்ணில் ஈரம் குறைந்தால் மகசூல் குறைந்துவிடும். பின்னர் எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் அந்த இழப்பை ஈடு செய்ய இயலாது. இத்தகைய வேளையில் மோட்டார் நின்றுபோனால், அதைக் கழற்றி, நகருக்கு எடுத்துச் சென்று, காயில் கட்டித் திரும்பக் கொண்டுவந்து மாட்டுவதற்குள் பல நாட்கள் கடந்துவிடுகின்றன.

பம்பும் மோட்டாரும் பெரும்பாலும் ஒரே நாளில் கெட்டுவிடுவதில்லை. பல வாரங்களுக்கு முன்பே ஓசையாலும், சூட்டாலும், கசிவாலும், நீரின் அளவாலும் அவை அறிகுறி காட்டுகின்றன. நம் மாநிலத்தில் பம்புசெட்டுகளுக்கு 1990ஆம் ஆண்டு முதல் கட்டணமில்லா மின்சாரம் வழங்கப்படுவதால், தேய்ந்த பம்பு வீணாக்கும் மின்சாரம் உழவரின் கண்ணில் படுவதில்லை. ஆலைக்காரருக்குப் பழுதை மின்கட்டணச் சீட்டு காட்டிக் கொடுத்துவிடும். நமக்கு அதைக் காட்டிக் கொடுப்பது வாய்க்காலில் ஓடும் தண்ணீர் ஒன்றே. ஆகவே அதனை அளந்து பார்க்கும் பழக்கம் வேண்டும்.

முதலில் நீரை அளந்து வையுங்கள்

200 லிட்டர் பீப்பாய் ஒன்றும், விநாடி காட்டும் கைக்கடிகாரமும் போதும். டெலிவரி குழாயின் வாயில் பீப்பாயை வைத்து, அது நிரம்ப எத்தனை விநாடிகள் ஆகின்றன என்று பாருங்கள். 20 விநாடிகளில் நிரம்பினால் உங்கள் பம்பு விநாடிக்கு 10 லிட்டர் இறைக்கிறது என்று பொருள். அதே பீப்பாய் நிரம்ப 27 விநாடிகள் ஆனால், நீர் விநாடிக்கு சுமார் 7.4 லிட்டராகக் குறைந்துவிட்டது.

இந்த 7 விநாடிகள்தானே என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் நீர் கட்ட சுமார் 2 இலட்சம் லிட்டர் தேவை. விநாடிக்கு 10 லிட்டர் இறைக்கும் பம்பு இதனை ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் இறைத்துவிடும். 7.4 லிட்டர் இறைக்கும் பம்புக்கோ ஏழரை மணி நேரம் ஆகும். மும்முனை மின்சாரம் கிடைக்கும் நேரத்திற்குள் ஏக்கர் முழுவதும் பாயாமல் கடைமடைப் பாத்திகள் காய்ந்து நிற்பதற்கு இதுவே காரணமாகலாம்.

கிணறா, பம்பா?

தண்ணீர் குறைந்தவுடன், கிணறு இறங்கிவிட்டது என்று முடிவு கட்டி, கடன் வாங்கிக் கிணற்றை ஆழப்படுத்துவோர் உண்டு. குறை அடிவால்விலேயே இருந்தால் அந்தச் செலவு முழுதும் வீண். எனவே ஒவ்வொரு முறை நீரை அளக்கும்போதும், கயிற்றில் கல்லைக் கட்டி விட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தையும் அளந்து சேர்த்துக் குறித்து வையுங்கள்.

நீர்மட்டம் இறங்கினால், உயர்த்த வேண்டிய உயரம் கூடுவதால் நீர் குறைவது இயல்பு. இது பம்பின் குற்றமன்று. ஆனால் நீர்மட்டம் சென்ற ஆண்டு இருந்த அதே அளவில் இருந்தும், மின்னழுத்தம் சரியாக இருந்தும் நீர் குறைந்திருக்குமானால், பழுது பம்பிலோ குழாயிலோ மோட்டாரிலோதான் இருக்கிறது.

மேலே வைத்து இறைக்கும் பம்புகளுக்கு மற்றொரு வரம்பும் உண்டு. காற்றின் அழுத்தமே நீரைப் பம்புவரை தள்ளுகிறது. கணக்குப்படி அது சுமார் 10 மீட்டர் என்றாலும், நடைமுறையில் பம்புக்கும் நீர்மட்டத்திற்கும் இடையே 6 மீட்டருக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்வதே நல்லது. கோடையில் நீர் இறங்கும்போது பம்பையும் கீழ்ப்படிக்கு இறக்க வேண்டும். இறக்காவிட்டால் பம்பின் உள்ளே கூழாங்கற்களை உருட்டுவது போன்ற ஓசை கேட்கும். இவ்வாறு பல நாள் ஓடினால் விசிறி அரிக்கப்பட்டுப் பொத்தலாகிவிடும்.

பம்பு காட்டும் அறிகுறிகள்

1. பம்பு நீர் பிடிக்கத் தாமதித்தால்: பம்பை நிறுத்திவிட்டு, புனல் வழியாக நீரை நிரப்பி, பத்து நிமிடம் கவனியுங்கள். புனலில் நீர் இறங்காமல் நின்றால் அடிவால்வு நலமாக உள்ளது. இறங்கினால், முதலில் உறிஞ்சு குழாயின் இணைப்புகளைப் பாருங்கள். அங்கு சொட்டு இருந்தால் பம்பு ஓடும்போது அவ்வழியே காற்று உள்ளே புகும். இணைப்புகளும் கிளாண்டும் காய்ந்திருந்தும் புனலில் நீர் இறங்கினால், குற்றம் அடிவால்வில் உள்ளது. அதன் தோல் தேய்ந்திருக்கலாம். அல்லது குச்சி, இலை சிக்கியிருக்கலாம்.

2. கிளாண்டில் கசிவு: பேக்கிங் கயிறு சுற்றிய பம்பில் நீர் துளித் துளியாகச் சொட்டுவது நல்லது. அந்த நீரே தண்டைக் குளிர்விக்கிறது. ஒரு துளிகூட வராதபடி இறுக்கினால் தண்டு சூடேறித் தேயும். தாரையாக ஒழுகினால் கயிற்றை மாற்ற வேண்டும். ஆனால் மோனோபிளாக் பம்புகள் பலவற்றில் கயிற்றுக்குப் பதிலாக மெக்கானிக்கல் சீல் உள்ளது. அதில் சொட்டே வரக்கூடாது. வந்தால் சீலை மாற்றுங்கள்; காலம் தாழ்த்தினால் நீர் மோட்டாருக்குள் சென்று காயிலைக் கெடுத்துவிடும்.

3. பேரிங் ஓசை: உலர்ந்த மரக்குச்சியின் ஒரு முனையைப் பேரிங் வீட்டின் மேல் வைத்து, மறு முனையைக் காதருகே வைத்துக் கேளுங்கள். சுழலும் பாகங்களின் அருகே குச்சியையோ துணியையோ கொண்டுசெல்லக் கூடாது. சீரான ஓசை கேட்டால் நல்லது. அரைப்பது போலவோ விட்டு விட்டுத் தட்டுவது போலவோ கேட்டால் பேரிங்கை மாற்றும் காலம் வந்துவிட்டது. கிரீஸ் குறைந்தாலும் பேரிங் சூடேறும். கிரீசைத் திணித்து நிரப்பினாலும் சூடேறும்.

4. எதிர்ப்பக்கச் சுழற்சி: லைனில் வேலை நடந்த மறுநாள் திடீரென்று நீர் குறைந்தால், பம்பு எந்தப் பக்கம் சுழல்கிறது என்று அதன்மேல் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேஸ் மாறியிருந்தால் பம்பு எதிர்ப்பக்கம் சுழன்று குறைந்த நீரையே தரும். மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை மின்பணியாளரைக் கொண்டு மாற்றினால் சரியாகிவிடும்.

மோட்டார் காட்டும் அறிகுறிகள்

மோட்டார் சற்றுச் சூடாக இருப்பது இயல்பே. வழக்கத்தைவிட மிகுந்த சூடு, வார்னிஷ் கருகும் வாடை, புகை ஆகியவை அபாய அறிகுறிகள். தாங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் சூடு கூடும்போதும் காயில் காப்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்பது பொதுவான கணக்கு.

சுவிட்சைப் போட்டதும் மோட்டார் சுழலாமல் உறுமினால், மூன்று பேஸில் ஒன்று வரவில்லை எனலாம். உடனே நிறுத்திவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பேஸ் போய்விட்டால், மோட்டார் நிற்காமல் மற்ற இரண்டு பேஸ்களில் மிகுந்த மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு ஓடிச் சிறிது நேரத்தில் கருகிவிடும். சிங்கிள் பேசிங் தடுப்புக் கருவி ஒன்றைப் பொருத்திக்கொள்வது காயில் கட்டும் செலவைவிடக் குறைவு.

ஸ்டார்டர் அடிக்கடி தானே விழுந்தால், குச்சியைச் செருகி அதை நிற்க வைப்பதும், பியூசில் தடித்த கம்பியைச் சுற்றுவதும் கூடவே கூடாது. ஸ்டார்டர் விழுவது மோட்டாரின் முறையீடு. அதன் காரணத்தைத் தேட வேண்டும்.

பம்பையோ குழாயையோ தொடும்போது லேசாக அதிர்ச்சி தட்டினால், மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்திவிட்டு மின்பணியாளரை அழையுங்கள். காயிலின் காப்பு கெட்டு, நில இணைப்பும் சரியில்லை என்பதற்கு இது அறிகுறி. இன்று லேசாகத் தட்டியது, நாளை ஈரக்காலோடு நிற்பவரின் உயிரைப் பறித்துவிடும்.

ஆம்பியர் சொல்லும் உண்மை

5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் முழுச் சுமையில் சுமார் 7.5 ஆம்பியர் எடுக்கும். உங்கள் மோட்டாருக்குரிய அளவு அதன் பெயர்ப் பலகையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கிளாம்ப் மீட்டர் வைத்துள்ள மின்பணியாளரைக் கொண்டு மூன்று லைன்களிலும் அளந்து பார்த்தால் பழுதின் இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சாதாரண சென்ட்ரிபியூகல் பம்பில் நீர் குறைந்தால் மின்னோட்டமும் குறைவதே இயல்பு. எனவே,

நீரும் குறைவு, ஆம்பியரும் குறைவு என்றால், விசிறிக்குப் போதிய நீர் வரவில்லை. அல்லது விசிறியில் அடைப்பு உள்ளது. அடிவால்வு சல்லடை, காற்றுக் கசிவு, நீர்மட்டம் ஆகியவற்றைப் பாருங்கள். மோட்டாரைக் கழற்ற வேண்டியதில்லை.

நீர் குறைந்தும் ஆம்பியர் குறையவில்லை அல்லது கூடிவிட்டது என்றால், விசிறியோ அதன் தேய்மான வளையமோ தேய்ந்து, இறைத்த நீரே உள்ளுக்குள் சுற்றுகிறது. அல்லது பேரிங் தளர்ந்து விசிறி உரசுகிறது. பம்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நீர் சரி, ஆம்பியர் மட்டும் அதிகம் என்றால், குறைந்த மின்னழுத்தம், அளவுக்கு மீறி இறுக்கிய கிளாண்டு, நேராக அமையாத கப்ளிங் ஆகியவற்றை ஆராயுங்கள்.

மூன்று லைன்களிலும் ஆம்பியர் ஏற்றத்தாழ்வாக இருந்தால், மோட்டார் முனைகள் மூன்றையும் சுழற்சி மாறாதபடி ஒவ்வோர் இடம் தள்ளி இணைத்து மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். அதிக ஆம்பியர் அதே மின்கம்பியில் நின்றால் குறை மின்வழங்கலில். மோட்டார் முனையோடு நகர்ந்தால் குறை காயிலில். இந்த ஒரு சோதனை, வேண்டாத இடத்தில் காயில் கட்டும் செலவைத் தவிர்க்கும்.

நீர்மூழ்கி மோட்டார்கள்

ஆழ்குழாய்க்குள் இருப்பதால் இவற்றைத் தொட்டுப் பார்க்க இயலாது. போட்டவுடன் நன்றாக நீர் வந்து, சிறிது நேரத்திற்குப் பின் காற்றோடு விட்டு விட்டு வந்தால், ஊற்றின் அளவைவிடப் பம்பு அதிகம் இறைக்கிறது. செஞ்சி, திண்டிவனம் பக்கத்துப் பாறைப் பகுதிகளில் இது மிகுதி. நீரின்றி ஓடாமல் நிறுத்தும் கருவியைப் பொருத்தி, இடைவெளி விட்டு இறைக்க வேண்டும். தொடக்கத்திலிருந்தே நீர் குறைவு என்றால், விசிறிகள் தேய்ந்திருக்கும். அல்லது உள்குழாய் பொத்தலாகியிருக்கும். மோட்டார் ஓடும்போது ஆழ்குழாய்க்குள் நீர் கொட்டும் ஓசை கேட்டால் குழாயில்தான் பொத்தல்.

திருவக்கரைக் கல்மரங்கள் கிடைக்கும் வானூர்ப் பகுதியில் மணற்பாங்கான படிவு நிலங்கள் உள்ளன. இத்தகைய நிலத்து ஆழ்குழாய்களில் மணல் ஏறுவது விசிறியை அரம்போல் தேய்த்துவிடும். மாதம் ஒருமுறை கண்ணாடிப் புட்டியில் நீர் பிடித்துத் தெளிய விடுங்கள். அடியில் மணல் தங்கினால், பம்பை மாற்றுவதற்கு முன் ஆழ்குழாயின் வடிகுழாயைச் சரிபார்க்க வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார்

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டத்தில் பெருமழை பெய்து வயல்கள் வெள்ளத்தில் மூழ்கின. இத்தகைய காலங்களில் மேலே வைத்த மோட்டார் நீரில் மூழ்கிவிட்டால், வடிந்தவுடன் ஓட்டிப் பார்ப்பது பெருந்தவறு. மின்சாரத்தை நிறுத்தி, மோட்டாரைக் கழற்றி, சேற்றை நல்ல நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, பேரிங்குகளைச் சுத்தம் செய்து புது கிரீஸ் இட வேண்டும். பிறகு மெக்கர் கருவியால் காப்பை அளக்கச் சொல்லுங்கள். 1 மெகாஓம் அளவுக்குக் குறைந்தால் இன்னும் ஈரம் உள்ளது. மீண்டும் உலர்த்த வேண்டும். பலமுறை உலர்த்தியும் ஏறாவிட்டால்தான் காயில் கட்ட வேண்டும். பொறுமையாக உலர்த்திய மோட்டார்களில் பல, காயில் கட்டாமலே மீண்டும் ஓடும்.

பழுது பார்க்கும்போது

காயில் கட்டக் கொடுத்தால், பழைய கம்பியின் பருமனையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் எழுதி வாங்கி, அதே அளவில் கட்டச் சொல்லுங்கள். பழைய காயிலை எடுக்க மோட்டாரைத் திறந்த தீயில் வாட்டினால் உள்ளிருக்கும் தகடுகளின் பூச்சு கெட்டு, அதன்பின் மோட்டார் எப்போதும் சூடாகவே ஓடும். பலமுறை கட்டப்பட்ட மோட்டாருக்கு மேலும் செலவிடுவதைவிட, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் நட்சத்திரக் குறியீடும் பெற்ற புதிய பம்புசெட்டு வாங்குவது சிக்கனமாகும்.

உழவர் பெருமக்களே! ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை தேதி, கிணற்றின் நீர்மட்டம், பீப்பாய் நிரம்பும் விநாடி ஆகியவற்றையும், மின்பணியாளர் வரும்போது மூன்று லைன்களின் ஆம்பியரையும் குறித்து வாருங்கள். பட்டம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே அதனைப் புரட்டிப் பார்த்து, தேவையான பழுதைச் செய்துவிடுங்கள். ஐயம் எழுந்தால் அந்த நோட்டோடு அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையோ, திண்டிவனம் வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகுங்கள். எண்கள் கையில் இருந்தால் ஆலோசனை சொல்வதும் எளிது. விழுது இறங்கும் வாரத்தில் கடலை வாடாமல் காப்பதும் எளிது.