தோலுக்குள்ளே ஒரு சாரம்



போன வருஷம் என் தங்கச்சி கையில் வடிகஞ்சி கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் புண்ணைக் கழுவி, கண்ணாடித்தாள் மாதிரி ஒரு மெல்லிய தாளை அதன்மேல் ஒட்டினார். "இது என்ன சார்?" என்று கேட்டேன். "கொலாஜன்ப்பா. மாட்டுத் தோல்ல, தசைநாண்ல இருக்கிற புரதம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்க அப்பா ஆம்பூரில் டேனரி வேலைக்குப் போகிறவர். தினமும் அவர் கை படுகிற சாமானா இது?

அதேதான்! நம் உடம்பில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன். ஆட்டுக்கால் பாயா ஆறினதும் கட்டியாக உறையுதே, அது வெந்துபோன கொலாஜன்தான். பிளாஸ்டிக் மாதிரி இதுவும் ஒரு பாலிமர், ஆனால் இயற்கை செய்தது. மூன்று இழைகளை முறுக்கின கயிறு மாதிரி இருக்கும். இந்த அமைப்பை 1954-ல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்கள் ஆராய்ந்த கொலாஜன், அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது. கங்காரு வாலின் தசைநாண்! பின்னாளில் அதே நிலையம் தீப்புண்ணுக்கான கொலாஜன் தாள்களிலும் ஆராய்ச்சி செய்தது.

அப்பாவிடம் கேட்டேன். "பச்சைத் தோலை அப்படியே விட்டா ரெண்டு நாள்ல அழுகிடும். டிரம்முல போட்டு குரோம் ஏத்தினா ஷூவா மாறி வருஷக்கணக்குல உழைக்கும்" என்றார். குரோமியம் கொலாஜன் இழைகளுக்கு நடுவே பூட்டுப் போடுகிறது. அப்புறம் கிருமியால் அதைத் தின்ன முடியாது. மருத்துவத்தில் வேண்டியது இதற்கு நேர் எதிர். நம் உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றே ஆகணும்! அதனால் டேனரித் துண்டை எடுத்துப் புண்ணில் வைக்க முடியாது. நோயில்லாத மாட்டிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்த கொலாஜன்தான் வேண்டும்.

தங்கச்சிக்கு மேலோட்டமான புண், அதனால் மூடி வைக்கிற தாளே போதும். ஆழமாக வெந்தால் அடித்தோலே போய்விடும். அங்கே செல்கள் ஏறி வேலை செய்ய, கட்டடத்துக்குக் கட்டுகிற மாதிரி ஒரு சாரம் வேண்டும். அமெரிக்காவில் யானஸ், பர்க் என்ற இருவர் மாட்டுக் கொலாஜனோடு சுறாமீன் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளைச் சேர்த்து அப்படி ஒன்றைச் செய்து, 1981-ல் நோயாளிகளுக்கு வைத்துக் காட்டினார்கள்.

செய்முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. கொலாஜன் கூழை உறைய வைக்கிறார்கள். உள்ளே குட்டிக் குட்டிப் பனிக்கட்டிகள் உண்டாகும். காற்றை உறிஞ்சினால் பனி உருகாமலே ஆவியாகப் போய்விடும். பனி இருந்த இடமெல்லாம் ஓட்டை! ஒவ்வொன்றும் ஏறக்குறைய தலைமுடி கனம். ரொம்பச் சின்னதாக இருந்தால் செல் நுழையாது. ரொம்பப் பெரிதானால் செல் ஒட்டிக்கொள்ள இடம் குறைந்துவிடும். நுழைந்த செல்கள் சாரத்தைக் கரைத்துக்கொண்டே சொந்தக் கொலாஜனைக் கட்டும். கொத்தனார் சாரத்தை அவிழ்க்கணும், இங்கே அது தானே போய்விடும்.

ஆனால் புதுத்தோலில் முடி முளைக்காது, வியர்வையும் வராது. அந்தச் சுரப்பிகளை எப்படி வளர்ப்பது என்று இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தங்கச்சி கையில் ஒட்டின தாள் கொஞ்ச நாளில் ஓரத்திலிருந்து தானாக உரிந்து வந்தது. கீழே ரோஸ் கலரில் புதுத்தோல். அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல சரக்கு!" என்றார்.

- பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு