நிழற்படங் கொண்டு ஈயினம் அறிதல்

பூச்சியொன்றை இன்னதென அறிதற்கு, அதனைக் கொன்று ஊசியிற் குத்திப் பேழையில் வைத்து, உருப்பெருக்கியால் ஆராய்தலே நெடுங்காலமாகப் பூச்சியியலார் கைக்கொண்ட முறையாகும். இன்று வயலிலும் காட்டிலும் எடுக்கப்படும் நிழற்படங்களும் அப்பணிக்கு உதவுகின்றன. அவ்வுதவி எத்துணைத் தூரஞ் செல்லும், எவ்விடத்தில் நின்றுவிடும் என்பதை ஈக்கள் நன்கு புலப்படுத்தும். இதுகாறும் பெயரிடப்பெற்ற ஈயினங்கள் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டன.

படத்திற் காண்பது ஈயா, தேனீயா என்பதே முதல் வினா. தேனீக்கு இருசோடிச் சிறைகள் உள. ஈக்கு ஒரு சோடியே உண்டு. ஈயின் பின்சிறைகள் குறுகிக் குமிழ்முனையுடைய சிறு தண்டுகளாகி, பறக்கும்போது உடலின் சமநிலையைக் காக்கின்றன. எரிஸ்தாலிஸ் தெனாக்ஸ் என்னும் ஈ நிறத்தாலும் பருமனாலும் தேனீயை ஒத்துக் காண்போரை மயக்குவது. எனினும் அதன் உணர்கொம்புகள் மிகக் குறியன. சிறையில் ஒரு நரம்பு ஆழ வளைந்து செல்லும். கண்களிலே மயிர்க்கோடுகள் நிலைக்குத்தாக அமைந்திருக்கும். தெளிவான படம் இவற்றைக் காட்டுமாயின், இனப்பெயரையே துணிந்து கூறலாம்.

ஆயின் எல்லா ஈக்களும் இத்துணை எளிதில் அறியப்படுவன அல்ல. பசும்பொன் போல ஒளிரும் லூசிலியா சாதியை நோக்குக. அவுஸ்திரேலியச் செம்மறிகளின் உடலில் முட்டையிட்டுப் பெருங்கேடு விளைப்பது லூசிலியா குப்பிரினா. லூசிலியா செரிக்காற்றாவின் புழுக்களையோ, ஆறாப் புண்களிலுள்ள இறந்த தசையை அகற்றுதற்கு மருத்துவர் பயன்படுத்துவர். இவ்விரண்டையும் பிரித்தறிய முன்னங்காலின் தொடை நிறத்தையும், தலையின் பின்புறத்துள்ள நுண்மயிர்களின் தொகையையும் நோக்கல் வேண்டும். பக்கவாட்டில் எடுத்த ஒரு படம் இவற்றைக் காட்டாது. இறைச்சி ஈக்களிற் பலவற்றுக்கோ ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பை வெளிப்படுத்தி ஆராய்ந்தாலன்றி இனந் துணிதல் அரிது.

அவ்வாறாயின் உடலின்றிப் படத்தை மட்டுங் கொண்டு புதிய இனமொன்றுக்குப் பெயரிடலாமா? 2015ஆம் ஆண்டில் இவ்வினா பெருவிவாதமாயிற்று. தென்னாபிரிக்காவில் எடுத்த படங்களை ஆதாரமாகக் கொண்டு, மார்ஷல், ஈவன்ஹூயிஸ் என்னும் அறிஞர் இருவர் மார்லேயிமியா சைலோகோப்பே என்னும் ஈயை விவரித்தனர். சைலோகோப்பே என்பது கிரேக்க மொழியில் 'மரம் வெட்டுவோன்' எனப் பொருள்படும் சொல்லினின்று பிறந்தது. விலங்குப் பெயரீட்டு விதிகளின்படி, படத்திலே தோன்றும் உயிரே மூலமாதிரி, படம் அன்று. ஆதலின் விதி மீறப்படவில்லை என்றனர் ஆதரித்தோர். சேகரித்தற்கு இசைவு கிட்டாத இடங்களிலும், அரிய உயிர்களிடத்தும் வேறு வழியில்லை என்றும் வாதித்தனர். மறுத்தோரின் வாதமும் வலியது: ஐயம் எழுந்தவிடத்துப் படத்தை அறுத்துப் பார்த்தல் இயலாது, மரபணுவையும் அதிலிருந்து பெறல் இயலாது, பின்வருவோர் புதிய வினாவோடு வந்தால், அப்படம் புதிய விடையொன்றுந் தராது.

இவ்வாதங்கள் நிழற்படம் எடுப்போர்க்கு நெறியும் வகுக்கின்றன. முதுகு, பக்கம், முகம், விரிந்த சிறை, கால்கள் என ஒரே ஈயைப் பல கோணங்களிற் படம் பிடித்தல் வேண்டும். இடம், நாள், அமர்ந்திருந்த செடி ஆகியவற்றைக் குறித்தலும் வேண்டும். எல்லாவற்றினும் முதன்மையானது, சான்று செல்லும் அளவுக்கே பெயரையுஞ் செலுத்துதல். குடும்பம் மட்டுமே தெளிவாயின் குடும்பப் பெயரோடும், சாதி தெளிவாயின் சாதிப் பெயரோடும் நின்றுவிடுதல் குறையன்று. பிழையான இனப்பெயரொன்று ஏட்டில் ஏறின், அவ்வினம் வாழாத ஊரிலும் வாழ்வதாகப் பின்வருவோர் கொள்வர்.