உடல் வராத வீடுகள்

ஒக்கிப் புயல் தென்கோடிக் கரையைச் சூறையாடியபோது நம்பிக்கை இழக்காதீர்கள் என்று சொல்ல எல்லோரும் வந்தார்கள். எதை நம்புவது, எதுவரை நம்புவது என்பதை அந்த ஊர்களே முடிவு செய்யவேண்டியிருந்தது.

திருப்புறத்திலிருந்து கடலைப் பார்க்க முடியாது. நெய்யாற்றின்கரையிலிருந்து பூவாறுக்குப் போகும் வழியில், தென்னை, வாழை, மரச்சீனித் தோட்டங்களுக்கு நடுவே, சிவன் கோயிலும் சிறு கடைத்தெருவுமாக இருக்கும் ஊர். சில கிலோமீட்டர் தள்ளி அலையடிக்கிறது என்பதே சட்டென்று நினைவுக்கு வராது. இங்கே கடல் வருவது மீன்கூடையில்தான். பூவாறிலிருந்தும் பொழியூரிலிருந்தும் பெண்கள் கொண்டுவரும் சாளையும் நெத்தோலியும் நின்றுபோனால், கரையில் ஏதோ சரியில்லை என்று இந்தப் பக்கத்து அடுக்களைகள் புரிந்துகொள்ளும்.

2017 டிசம்பர் முதல் வாரத்தில் கூடைகள் வரவில்லை.

அதற்குள் காற்று உள்நாட்டையும் ஒரு கை பார்த்திருந்தது. பாறசாலைக்கு இந்தப் புறமும் களியக்காவிளைக்கு அந்தப் புறமும் ரப்பரும் வாழையும் சாய்ந்தன. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஆனால் விழுந்த மரத்தை எண்ணிவிடலாம். நட்டம் இவ்வளவு என்று மனு எழுதலாம். கரையில் இருந்தவர்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. யார் போனார்கள், யார் இருக்கிறார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

பொழியூர் கேரளத்தின் கடைசிக் கடற்கரை ஊர். அடுத்த ஊர் நீரோடி, தமிழ்நாட்டின் முதல் ஊர். இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தது 1956 நவம்பர் 1. திருவிதாங்கூரின் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. கோடு வரைபடத்தில் மட்டுமே அழுத்தமாக இருக்கிறது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை ஆகிய எட்டுத் தமிழ்நாட்டு ஊர்களும் இன்றுவரை திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஒக்கி வந்தபோது அதன் பேராயராக இருந்த சூசைபாக்கியம் மார்த்தாண்டன்துறைக்காரர்.

இந்த எட்டு ஊர்க்காரர்கள் ஆழ்கடல் ஆட்கள். தூண்டிலில் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள். தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ கொச்சியிலிருந்தோ விசைப்படகில் கிளம்பினால் திரும்பிவரப் பல வாரம் ஆகும். லட்சத்தீவுகளைச் சுற்றிய கடல் அவர்களுக்குக் கொல்லைப்புறம் மாதிரி. வடக்கே பூந்துறை, விழிஞ்ஞம் பக்கத்து மீனவர்களின் முறை வேறு. அவர்களில் பெரும்பாலோர் சிறிய வள்ளங்களில் மாலையில் போய் மறுநாள் திரும்புகிறவர்கள். இரண்டு வகையினரும் 2017 நவம்பர் 29 இரவு கடலில் இருந்தார்கள்.

இலங்கைக்குத் தென்கிழக்கே உருவான காற்றழுத்தத் தாழ்வு ஒரே நாளில் புயலாக மாறியது. நவம்பர் 30 காலையில் அது கன்னியாகுமரிக்குத் தெற்கே, அறுபது கிலோமீட்டர் சுமாரில் இருந்தது. குமரிக்கடலில் புயல் பிறப்பது அபூர்வம். இவ்வளவு வேகமாக வலுப்பெறுவது அதைவிட அபூர்வம். வங்கதேசம் சூட்டிய பெயர் ஒக்கி. வங்காளியில் கண் என்று பொருள். புயல் என்ற எச்சரிக்கை அன்று நண்பகல் வாக்கில் வெளியானபோது எச்சரிக்கப்பட வேண்டியவர்கள் கரையில் இல்லை. அவர்களில் பலரிடம் இருந்த ஒயர்லெஸ் கருவிக்கோ ஆழ்கடல்வரை எட்டும் திறன் கிடையாது. புயல் மேற்கே திரும்பி, லட்சத்தீவுகளைக் கடந்து, மணிக்கு 150 கி.மீ. வேகத்தைத் தொட்டு, பிறகு வலுவிழந்து டிசம்பர் 5 இரவு குஜராத் கரையோரம் ஓய்ந்தது. எட்டு ஊர்ப் படகுகள் எங்கே வலை விரித்திருந்தனவோ, ஏறக்குறைய அதுவே அதன் பாதை.

அடுத்த சில நாட்களில் நம்பிக்கை என்ற சொல் இந்தக் கரையில் என்ன பாடுபட்டது என்பதைப் பார்க்கவேண்டும்.

முதலில் அது பட்டியல் வடிவத்தில் வந்தது. எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு அரசுகளிடம் உறுதியான பதில் இல்லை. கொச்சியில் பதிவான படகில் தமிழ்நாட்டுக்காரர் இருப்பார். தூத்தூர்ப் படகில் பொழியூர்க்காரர் ஏறியிருப்பார். மாநிலவாரியாக எண்ணப் பழகிய அலுவலகங்களுக்கு இது புரிபடவில்லை. எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறியது. எந்த வீட்டில் யார் போயிருக்கிறார், எந்தப் படகு, உடன் போனவர் யார் என்பது பங்குக் கோயில்களுக்குத் தெரியும். பங்குத்தந்தைகள் வீடு வீடாகக் கேட்டுத் தொகுத்த பட்டியல் அரசுப் பட்டியலைவிட நீளமாக இருந்தது. தேடச் சொல்லி மன்றாடுவதற்கு முன், இன்னாரைத் தேடுங்கள் என்று பெயர் சொல்ல வேண்டியிருந்தது. பெயர் பட்டியலில் ஏறாதவரை ஆள் காணாமற்போனதாகக்கூட ஆகவில்லை.

பிறகு அது படகில் ஏறியது. கடலோரக் காவல்படையும் கடற்படையும் நூற்றுக்கணக்கானோரை மீட்டன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆட்கள் எங்கே ஒதுங்கியிருப்பார்கள் என்று மீனவர்களுக்குத் தெரிந்த கணக்கு வேறு. தேடல் போதாது என்று பட்டதும் பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் சொந்தப் படகுகளை இறக்கிக்கொண்டு, எச்சரிக்கை நீங்காத கடலில் அவர்களே போனார்கள். உயிரோடும் கொண்டுவந்தார்கள், பிணமாகவும் கொண்டுவந்தார்கள். அதன்பிறகுதான் அரசுக் கப்பல்களில் மீனவர்களையும் ஏற்றிக்கொள்ளும் யோசனை மேலிடத்துக்குப் பிடித்தது.

டிசம்பர் 7 அன்று எட்டு ஊர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் நடந்தே குழித்துறை ரயில் நிலையம் வந்து தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பெண்கள், கிழவிகள், பள்ளிப் பிள்ளைகள். நாகர்கோவில் - திருவனந்தபுரம் ரயில்கள் நின்றன. இரவுவரை கூட்டம் கலையவில்லை. அவர்கள் கேட்டது, இன்னும் தேடுங்கள் என்பதைத்தான். ஐந்து நாள் கழித்து முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி குமரிக்கு வந்தார். 19-ஆம் தேதி பிரதமர் வந்தார். துயரத்தைப் பொறுமையோடு தாங்குவதே பக்தி என்று நினைப்பவர்கள் குழித்துறைத் தண்டவாளத்தைப் பார்த்திருக்கவேண்டும். ஜெபமாலை கையிலிருந்தது, கோரிக்கை மனுவும் இருந்தது.

அந்த நாட்களில் நல்ல செய்தியே வராமலில்லை. டிசம்பர் 2 அன்று மகாராஷ்டிர முதல்வர் பட்னாவிஸ் ஒரு தகவல் வெளியிட்டார்: 68 படகுகளும் 952 மீனவர்களும் சிந்துதுர்க் கரையில் பத்திரமாக ஒதுங்கியிருக்கிறார்கள். லட்சத்தீவுகளிலும் பலர் கரையேறியிருந்தனர். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் மிதந்து தப்பியவர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு செய்தியும் ஒரு வீட்டில் விளக்கேற்றியது. பக்கத்து வீட்டில் அதே செய்தி வேறு வேலை செய்தது. அவர் வந்துவிட்டார் என்றால் இவரும் வருவார். அடுத்த தொலைபேசி மணி நமக்காக இருக்கும்.

இங்கேதான் நம்பிக்கை கடினமாகிறது. கடலில் இறந்தவர்களின் உடல்கள் கோழிக்கோடுவரை கரை சேர்ந்தன. முகம் தெரியாத நிலையில் மரபணுச் சோதனைதான் அடையாளம் சொன்னது. மகனுடைய ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, பொருந்தக்கூடாது என்றும் பொருந்திவிடட்டும் என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொள்ளும் நிலைமையை எந்த மொழியிலும் விளக்கிவிட முடியாது. இரு மாநிலங்களிலுமாக இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் முந்நூறுக்கு மேல். இவர்களில் பாதிப்பேருக்கு மேல் உடலாகக்கூடத் திரும்பவில்லை.

வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்த அமெரிக்க உளவியல் அறிஞர் பாலின் பாஸ், இத்தகைய துயரத்துக்கு ‘தெளிவற்ற இழப்பு’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். ஆள் இல்லை, ஆனால் இறந்ததாகவும் இல்லை. அழுதால் துரோகம்; அழாவிட்டால் பைத்தியம். இதற்கு முடிவு கட்டிவிடவேண்டும் என்று அவசரப்படுத்துவது தவறு என்பது அவர் கண்ட உண்மை. இருப்பார் என்றும் இருக்கமாட்டார் என்றும் இரண்டையும் ஒருசேர மனதில் வைத்துக்கொண்டே வாழப் பழகமுடியும் என்கிறார் அவர். நீரோடியில் யாரும் பாலின் பாஸைப் படித்திருக்க வேண்டியதில்லை. கணவன் இருக்கிறானா என்று கேட்கும் ரேஷன் கடை விண்ணப்பத்தை நிரப்பியிருந்தாலே போதும்.

சட்டத்துக்கு இந்த நுணுக்கம் கிடையாது. ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால்தான் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம். அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த ஏழு மாறவில்லை. ஒக்கி விதவைகள் அதன்படி 2024 நவம்பர்வரை விதவைகளும் ஆகாமல் மனைவிகளும் ஆகாமல் நின்றிருக்கவேண்டும். நல்லவேளையாக இரு அரசுகளும் விதியைத் தளர்த்தின. 2004 சுனாமியின்போதும் 2013 உத்தராகண்ட் வெள்ளத்தின்போதும் செய்தது போலவே காணாமற்போனவர்களை இறந்தவர்களாகக் கருதி உதவி தர முன்வந்தன. இரு மாநிலங்களும் அறிவித்தது குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய்.

அதில் ஒரு சங்கடம். இத்தகைய நேரங்களில், காணாமற்போனவர் உயிருடன் திரும்பினால் பணத்தைத் திருப்பித் தருவோம் என்று வாரிசுகள் உறுதிப்பத்திரம் எழுதிக்கொடுப்பது வழக்கம். கருவூலத்தின் எச்சரிக்கை புரிகிறது. ஆனால் ஆள் வரக்கூடும் என்ற நினைப்பை முத்திரைத்தாளில் எழுதிவைத்த ஒரே இடமும் அதுதான். பணத்தை வாங்கினால் அவர் சாவுக்குக் கையெழுத்துப் போட்டதாகிவிடும் என்று தயங்குவதை வெறும் மூடத்தனம் என்று தள்ளிவிட முடியுமா?

கோயில்கள் வேறு வழியில் போயின. அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸ் ஆடம்பரமில்லாமல் கழிந்தது. இறந்தோர் திருப்பலி எப்போது என்பதுதான் கடினமான கேள்வி. பெட்டி இல்லை, கல்லறைக்குத் தோண்ட மண் இல்லை, புகைப்படம்தான் இருக்கிறது. ஒரு வீடு தனியாக அந்த முடிவை எடுத்தால் அவரைக் கைவிட்டது போலாகும். ஊரே சேர்ந்து பெயர்களை வாசித்து ஜெபிக்கும்போது அந்தப் பழி யார் தலையிலும் விழுவதில்லை. சடங்கு என்று நாம் அலட்சியமாகச் சொல்வதன் உபயோகம் இம்மாதிரி இடங்களில்தான் தெரிகிறது. நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் நாள். கரையோரக் கல்லறைத் தோட்டங்கள் பூவும் மெழுகுவர்த்தியுமாக ஜொலிக்கும் நாள். கல்லறை இல்லாதவர்களுக்கு அதே மாதத்தின் கடைசித் தேதி சேர்ந்துகொண்டது. நவம்பர் 30 புனித அந்திரேயாவின் திருநாள். அவரும் மீனவர்.

வாழ்க்கை நின்றுவிடவில்லை; நிற்கவும் விடாது. பொழியூருக்கு இன்னொரு பெருமை கால்பந்து. கடற்கரை மணலில் ஆடிப் பழகிச் சந்தோஷ் டிராபி வரை போனவர்கள் இந்த ஊரில் பலர். ஒக்கிக்கு நான்கு மாதம் கழித்து, 2018 ஏப்ரல் 1 அன்று, கொல்கத்தாவில் வங்காளத்தை டைபிரேக்கரில் வென்று கேரளம் நீண்ட இடைவெளிக்குப்பின் கோப்பையைக் கொண்டுவந்தது. அந்த அணியில் பொழியூர் இளைஞர் ஒருவர் இருந்தார். துக்கம் கலையாத ஊர் பட்டாசு வெடிக்கலாமா என்று கேட்பவர்கள் அந்த ஊரில் பிறக்காதவர்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. செங்கன்னூரில் வீட்டு மாடிகளில் நின்று மக்கள் கதறினார்கள். ஹெலிகாப்டர் எட்டாத சந்துகளுக்குள் நுழைந்தவை மீன்பிடிப் படகுகள். விழிஞ்ஞம், பூந்துறை முதலான கரைகளிலிருந்து படகுகளை லாரியில் ஏற்றி நூறு கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோனார்கள். மாநிலம் முழுக்க அறுநூறுக்கு மேற்பட்ட படகுகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட மீனவர்கள் இறங்கினார்கள். அவர்கள் மீட்டவர்கள் 65,000 பேராவது இருக்கும் என்றது அரசின் கணக்கு. எட்டு மாதத்துக்கு முன் தங்கள் ஆட்களைத் தேட வாருங்கள் என்று கெஞ்சிய அதே கரைகள். தேடாமல் விடப்படுவது எப்படியிருக்கும் என்று அவர்களுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. மீனவர்களை ‘கேரளத்தின் சேனை’ என்று முதல்வர் பினராயி விஜயன் புகழ்ந்தார். 2017 டிசம்பரில் விழிஞ்ஞத்தில் அவர் காரைச் சூழ்ந்து கோபம் காட்டியதும் இந்தச் சேனையைச் சேர்ந்தவர்கள்தான்.

அரசுகளும் ஏதோ கற்றுக்கொண்டன. இஸ்ரோவின் ‘நாவிக்’ செயற்கைக்கோள்வழி எச்சரிக்கை தரும் கருவிகள் 2018 தொடக்கத்திலிருந்து படகுகளுக்கு வந்தன. கரை எட்டாத தூரத்திலும் அதில் செய்தி வரும். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மூன்று கடல் ஆம்புலன்சுகளைக் கேரள அரசு கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டவைத்தது. முதலாவது 2020 ஆகஸ்டில் நீரில் இறங்கியது. அவற்றின் பெயர்கள் பிரதீக்ஷா, பிரத்யாசா, காருண்யா. மூன்றாவது கருணை. முதல் இரண்டுக்கும் மலையாளத்தில் ஏறக்குறைய ஒரே பொருள்: எதிர்பார்ப்பு, நம்பிக்கை.

நெய்யாறு கடலில் கலக்கும் பொழி மழைக்காலத்தில் உடைத்துக்கொள்ளும். கோடையில் மணல் மூடிக்கொள்ளும். பூவாறில் வள்ளங்கள் கிளம்பும் நேரத்தில் திருப்புறத்துச் சாலையில் பால்காரர்கள் மட்டும்தான் இருப்பார்கள். எட்டு ஊர்களின் விசைப்படகுகள் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து இப்போதும் வாரக்கணக்கில் போகின்றன. ஒக்கியில் தகப்பனை இழந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்த பையன்களில் சிலர் அவற்றில் ஏறும் வயதுக்கு வந்துவிட்டார்கள். காலை பஸ்ஸில் கூடைகள் வருகின்றன.