டி.டி.எஸ். மீட்டருக்குத் தெரியாதது

போன லீவுல செந்துறை பக்கம் இருக்குற அப்பாயி வீட்டுக்குப் போனப்ப, ஆன்லைன்ல வாங்கின டி.டி.எஸ். மீட்டரையும் கையோட எடுத்துட்டுப் போனேன். கிணத்துத் தண்ணியில வச்சா 740 காட்டுச்சு. "நல்லதாடா, கெட்டதாடா?"ன்னு அப்பாயி கேட்டுச்சு. "வேற தண்ணி இல்லன்னா 2000 வரைக்கும் ஓகே, குடி அப்பாயி"ன்னு பெரிய இன்ஜினியர் மாதிரி சொல்லிட்டு வந்துட்டேன். ஹாஸ்டலுக்கு வந்து நோட்ஸைப் புரட்டினப்பதான் உறுத்துச்சு.

அந்த மீட்டர் பண்றது ஒரே வேலைதான். தண்ணி எவ்வளவு மின்சாரம் கடத்துதுன்னு அளந்து, அதுல கரைஞ்ச உப்பு எவ்வளவு இருக்கும்னு ஒரு கணக்கு சொல்லும். அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. கால்சியம் கரைஞ்சு வர்றதால, குண்டான் அடியில வெள்ளையா படியும், மீட்டரும் ஏறும். ஆனா இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 படி, குடிநீர்ல ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது. காட்மியத்துக்கு 0.003 தான். ஈயம் அந்த அளவைப் போல பத்து மடங்கு இருந்தாக்கூட 740ங்கிறது 740.1 ஆகும், அவ்வளவுதான். நம்ம மீட்டர்ல புள்ளிக்கு அப்புறம் எண்ணே கிடையாது!

சரி, கொதிக்க வச்சுக் குடிச்சா? கிருமி சாகும், உலோகம் சாகாது. ஒன்றரை லிட்டரை ஒரு லிட்டரா வத்த வச்சா, அதே ஈயம் ஒன்றரை மடங்கு அடர்த்தியா நிக்கும். ஆர்.ஓ. பெரும்பகுதியை வடிகட்டிடும். ஆனா அது வெளியே தள்ளுற கழிவுத் தண்ணியைக் கிணத்தடியிலேயே விட்டா என்ன அர்த்தம்?

நிலத்தடி நீர்ல உலோகம் சேர்ந்தா என்ன ஆகும்னு பார்க்க ராணிப்பேட்டை போனா போதும். அங்க மூடிப்போன குரோமேட் தொழிற்சாலை ஒண்ணு, இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல குரோமியக் கழிவைத் திறந்த வெளியில விட்டுட்டுப் போச்சு. மழை பெய்யப் பெய்ய ஆறு இணைதிறன் குரோமியம் மண்ணுல இறங்குச்சு. 2006-ல உலகத்தின் மிக மாசுபட்ட பத்து இடங்கள் பட்டியல்ல ராணிப்பேட்டை பேர் வந்தது. சுண்ணாம்புத் தண்ணியில ஈயம், காட்மியம் எல்லாம் கார்பனேட்டா கொஞ்சம் படிஞ்சிடும். இந்தக் குரோமியம் அப்படிப் படியாது, தண்ணியோடயே போயிட்டே இருக்கும்.

வங்கதேசத்துல ஆர்சனிக் பிரச்சினை வந்தப்ப, சுமார் 50 லட்சம் அடிபம்புகளைச் சோதிச்சு, கெட்டதுக்குச் சிவப்பு, நல்லதுக்குப் பச்சைன்னு பெயிண்ட் அடிச்சாங்க. பக்கத்துப் பக்கத்து வீட்டுலயே ஒண்ணு சிவப்பு, ஒண்ணு பச்சை. அதனால 'பக்கத்து வீட்டுத் தண்ணி நல்லாத்தானே இருக்கு'ன்னு சொல்றது கணக்குல வராது.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்குப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கு. தண்ணி கொடுக்கும்போது 'உலோகமும் பார்க்கணும்'னு தனியா சொல்லிக் கேளுங்க. சாம்பிள் எடுக்கிறதுக்கு முன்னாடி மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓட விடணும், குழாய்ல தேங்கினது போகட்டும். சுத்தமான பிளாஸ்டிக் கேன்லதான் பிடிக்கணும். உலோகம் கேன் சுவர்ல ஒட்டிக்காம இருக்க நைட்ரிக் அமிலம் சேர்ப்பாங்க. அதை லேப்காரங்க கிட்டயே விட்டுடுங்க, நீங்க ஊத்தாதீங்க.

பொங்கலுக்கு ஊருக்குப் போறேன். இந்தத் தடவை பையில மீட்டர் இல்ல, ரெண்டு காலி கேன்.